மாமா குதிக்கவில்லை

எனக்கு இங்கிலீஷ் நன்றாக வரும். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை, வாக்குமூலமாகச் சொல்கிறேன். இங்கிலீஷ் வராதவர்களால் அவரவர் குடும்பத்துக்கு வந்த நஷ்டம் என்று கணக்குப் பார்த்தால் பெரிதாக ஒன்றும் தேறாது. தப்பான ரயில் பெட்டியில் ஏறியிருப்பார்கள், டாக்டர் சீட்டைத் தலைகீழாகப் பிடித்திருப்பார்கள், அவ்வளவுதான். எங்கள் குடும்பத்துக்கு வந்த பெரிய நஷ்டம், எனக்கு இங்கிலீஷ் வந்ததால் வந்தது.

இப்போதெல்லாம் பிள்ளைகள் எதற்கெடுத்தாலும் “அசால்ட்டா பண்ணிட்டேன்” என்கிறார்கள். பரீட்சையை அசால்ட்டாக எழுதுகிறார்கள். ஆம்பூர் பஜாரின் நடுவில் பைக்கை அசால்ட்டாக ஓட்டுகிறார்கள். அலட்டிக்கொள்ளாமல், சுலபமாக என்று அர்த்தமாம். தாக்குதல் என்ற பொருளில் இங்கே வந்த சொல் எந்த வழியாகப் போய் இப்படி ஆனது என்று எனக்குத் தெரியாது. (தெரிந்துகொள்ளவும் போவதில்லை. அந்தப் பழக்கத்தை விட்டுப் பல வருஷம் ஆகிறது.) ஆனால் அந்தச் சொல் காதில் விழுந்தால் இன்றைக்கும் நான் பேச்சை மாற்றிவிடுவேன். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நான் என் அக்கா புருஷனின் வேலையைத் தொலைத்தேன்.

எழுபதுகளின் கடைசி. வேலூரில் பி.ஏ. இங்கிலீஷ் இலக்கியம் படித்து முடித்திருந்தேன். எங்கள் தெருவில் முதல் பி.ஏ. நான்தான் என்பதால் என் தலைக்கனத்துக்குத் தட்டுப்பாடே இல்லை. கல்லூரி நூலகத்தில் ஒரு தடியான அகராதி இருந்தது. ஒவ்வொரு சொல்லும் எங்கே பிறந்தது, யார் வீட்டில் வளர்ந்தது, எந்த வழியாக இங்கிலீஷுக்கு வந்தது என்றெல்லாம் அதில் போட்டிருக்கும். மற்ற பையன்கள் மேட்னி ஷோவுக்குப் போன நேரத்தில் நான் அதைப் படித்துக்கொண்டிருந்தேன். படித்ததோடு விட்டிருக்கலாம். வீட்டுக்கு வந்து எல்லாருக்கும் சொல்வேன்.

மாமாவுக்குத்தான் அதிகம் சொல்வேன். மாமா என்றால் அக்கா கோமளாவின் புருஷன், முனிரத்தினம். ஆம்பூரில் ஒரு தோல் ஷாப்பில் (டேனரியை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்) சுண்ணாம்புக் குழியில் வேலை. பச்சைத் தோலைச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறப்போட்டு, புரட்டி, தூக்கி, மயிர் போக்கும் இடம். வீட்டுக்கு வந்ததும் முழங்கைவரை தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நான் போய் எதிரில் உட்கார்ந்து பாடம் எடுப்பேன்.

“மாமா, டேனரின்னு ஏன் பேர் வந்துச்சி தெரியுமா? டேன்னா ஓக் மரத்துப் பட்டை. அந்தப் பட்டையிலதான் தோலை ஊற வெச்சாங்க.”

“ஓக்குன்னா இன்னா மரம்?”

“சீமையில இருக்கற மரம்.”

“நம்ம ஷாப்புல ஆவாரம் பட்டைதானே மச்சான் போடறோம்?” என்பார். பிறகு நான் வருத்தப்படுவேனோ என்று நினைத்து, “பட்டைன்றது செரியாத்தான் இருக்குது” என்றும் சேர்த்துச் சொல்வார். அப்படிப்பட்ட மனிதர் அவர்.

அதே ஷாப்பில் டைம் ஆபீஸ் கிளார்க் வேலையும் எனக்கு மாமாதான் வாங்கிக்கொடுத்தார். அவருடைய மேஸ்திரி கஃபூர் பாயிடம் நடையாய் நடந்து, கஃபூர் பாய் மொதலாளியிடம் சொல்லி, என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார்கள் என்று குறித்துவைப்பது என் வேலை. இலக்கியத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்பதில் எனக்கு மனக்குறை நிறைய உண்டு.

இந்த நிலையில்தான் மாமா கஃபூர் பாயை அடித்தார்.

அன்றைக்கு அக்காவுக்கு உடம்பு சரியில்லை. இரண்டாவது குழந்தை வயிற்றில், மூன்றாம் மாதம். மாமா விடிகாலையில் அவளை வேலூர் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் காட்டி, வீட்டில் விட்டுவிட்டு, நேரம் கழித்து ஷாப்புக்கு வந்தார். குழியில் ஆள் கம்மி. தோல் ஊறி எடுக்க வேண்டிய நேரம் தாண்டிக்கொண்டிருந்தது. கஃபூர் பாய் பதற்றத்தில் இருந்தார். வந்ததும் வராததுமாக எல்லார் எதிரிலும், “உன் பொண்டாட்டிக்கு மாசம் ஒரு நோவு வந்துடுது முனிரத்னம்” என்றார். மாமாவின் கை எழுந்துவிட்டது. ஒரே ஒரு அறை. கஃபூர் பாய் குழியின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

சாயங்காலமே இரண்டு பேரும் கேட்டுக்கு வெளியே ஒன்றாக டீ குடித்தார்கள். “நான் பேசுனது தப்பு” என்று அவர் சொல்ல, “கை நீட்டுனது என் தப்பு பாய்” என்று இவர் சொல்ல, விஷயம் அங்கேயே முடிந்துவிட்டது. முடிந்திருக்க வேண்டும். ஆனால் அப்போதுதான் சின்ன மொதலாளி மெட்ராஸில் நிர்வாகம் படித்துவிட்டுத் திரும்பியிருந்தார். படித்ததைப் பிரயோகித்துப் பார்க்க ஒரு ஆள் தேவைப்பட்டது. யாரோ போட்டுக்கொடுத்தார்கள். மாமா கையில் இங்கிலீஷில் ஒரு சார்ஜ் ஷீட் வந்து சேர்ந்தது: நீ உன் மேலாளை அசால்ட் செய்தாய், விசாரணைக்கு வா.

இந்த இடத்தில் எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தோல் ஷாப்பில் தரை எப்போதும் ஈரம். சுண்ணாம்புத் தண்ணீர், கொழுப்பு, மயிர் எல்லாம் சேர்ந்து, பழக்கமில்லாதவன் நாலடி நடந்தால் ஒரு தடவை விழுவான். அதனால் ஷாப்புக்குள் நடக்கிற எந்தச் சண்டைக்கும் ஒரே முடிவுதான், ‘வழுக்கிட்டது’. ஒருவனுக்குப் பல் உடைந்தால் வழுக்கிட்டது. சட்டை கிழிந்தால் வழுக்கி விழும்போது மாட்டிக் கிழிந்தது. இரண்டு பேருக்கும் மூக்கில் ரத்தம் என்றால், ஒருவர் வழுக்க, இன்னொருவர் பிடிக்கப் போக, அவரும் வழுக்கினார். இது பொய் என்று மொதலாளிக்குத் தெரியும், மேஸ்திரிக்குத் தெரியும், குழியில் கிடக்கிற தோலுக்கே தெரியும். ஆனால் அப்படி எழுதிவிட்டால் யாருக்கும் வேலை போகாது, யாருக்கும் மானமும் போகாது.

பெரிய மொதலாளி பழைய காலத்து மனிதர். மகன் செய்ததை வெளிப்படையாகத் தடுக்காமல், கஃபூர் பாயையும் மாமாவையும் தனியாகக் கூப்பிட்டு, “ரெண்டு பேரும் வழுக்குனதுன்னு சொல்லிடுங்கோ. எழுதிக்கினு மூடிடுவாங்கோ” என்று வழி சொல்லிவிட்டார். கஃபூர் பாய் சந்தோஷமாக ஒத்துக்கொண்டார். வேலையாளுக்குத் துணையாக உடன் வேலை செய்கிற ஒருவர் விசாரணையில் உட்காரலாம் என்று விதி இருந்தது. மாமா என்னைக் கேட்டார்.

“நீ பக்கத்துல உக்காந்துக்கினா போதும் மச்சான். இங்கிலீஷ்ல இன்னா எழுதறாங்கன்னு பார்த்துக்கோ. நீ ஒண்ணும் பேச வேணாம். மேஸ்திரி வழுக்குனேம்பாரு, நான் ஆமாம்பேன், முடிஞ்சிரும்.”

“பொய் சொல்லியா தப்பிக்கணும் மாமா? சட்டப்படியே ஜெயிக்கலாமே!”

அக்கா முறத்தைக் கீழே வைத்தாள். “டேய் தயாளா, உன்னைக் கெஞ்சிக் கேக்கறேன். இவருக்கு இந்த வேலை போச்சின்னா எவனும் சேர்த்துக்க மாட்டான். மேஸ்திரிய அடிச்சவன்னு பேரு வந்துடும். வயித்துல ஒண்ண வெச்சிக்கினு நான் எங்க போவேன்? வாயத் தொறக்க மாட்டேன்னு சொல்லு.”

“தொறக்க மாட்டேங்க்கா.”

அதைச் சொன்னபோது மனதாரத்தான் சொன்னேன். ஆனால் அதற்கு முன்பே நான் வேலூர் போய் வந்திருந்தேன். பழைய புரொபசரைப் பிடித்து, நூலகத்தில் உட்கார்ந்து, அந்தத் தடியான அகராதியில் அசால்ட்டைத் தேடிப் பார்த்திருந்தேன். பார்த்ததும் எனக்கு வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்வது! அந்தச் சொல் லத்தீனில் பிறந்து, பிரெஞ்சுக்காரன் வீட்டில் கொஞ்ச காலம் தங்கி, பிறகு இங்கிலீஷுக்கு வந்திருக்கிறது. ‘அட்’ என்றால் ஒன்றை நோக்கி. ‘சாலிரே’ என்றால் குதிப்பது. ஆக, அசால்ட் என்றால் ஒருவன்மேல் குதிப்பது. பஸ்ஸில் திரும்பி வரும்போது மாதனூர் தாண்டுவதற்குள் எனக்கு முழு வழக்கும் தெளிவாகிவிட்டது. மாமா எங்கே குதித்தார்? நின்ற இடத்தில் நின்றபடிதானே அடித்தார்?

இப்போது இதைப் படிக்கிறவர்களுக்கு அதிலுள்ள ஓட்டை உடனே தெரிந்திருக்கும். எனக்குத் தெரியவில்லை. நான் பி.ஏ.

விசாரணை, தோல் சாம்பிள்களை வைக்கிற அறையில் நடந்தது. நீள மேசை, அதன்மேல் வெளிநாட்டுக்காரர்களுக்குக் காட்டுகிற பளபளப்பான தோல்கள். அவற்றை ஓரமாகத் தள்ளிவிட்டு வேலூர் வக்கீல் ஒருவர் விசாரணை அதிகாரியாக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் டைப் அடிக்கிற ஒருவர். சுவரோரம் சின்ன மொதலாளி. மாமா வெள்ளைச் சட்டை போட்டு, தலையைப் படிய வாரி, மாப்பிள்ளைபோல வந்திருந்தார். கையில் எண்ணெய் மினுக்கு மட்டும் போகவில்லை.

எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. வக்கீல் குற்றச்சாட்டைப் படித்தார். கஃபூர் பாயைக் கேட்டார். அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, “தரை ஈரமா இருந்துச்சி சார். நான் வழுக்கிட்டேன். முனிரத்னம் புடிக்க வந்தாரு. அவர் கை என் மூஞ்சில பட்டுட்டுது” என்றார். கேட்கிற யாருக்கும் கண்ணீர் வரும்படி சொன்னார். மாமாவைக் கேட்டார்கள். “ஆமா சார்” என்றார். சின்ன மொதலாளியின் முகம் சுருங்கியது. வக்கீல் அவரைப் பார்த்து, இதற்குமேல் என்ன செய்வது என்பதுபோலக் கையை விரித்தார். பேனாவை மூடினார். மூடிய பிறகு, சும்மா மரியாதைக்காக, என் பக்கம் திரும்பிக் கேட்டார்:

“டிஃபென்ஸ் சைடுல ஏதாவது சொல்லணுமா?”

மேசைக்கடியில் மாமா என் தொடையைக் கிள்ளினார். அது பேசாதே என்பதற்கான கிள்ளல். நான் அதை உற்சாகப்படுத்துகிறார் என்று எடுத்துக்கொண்டு எழுந்தேன். (அப்படி நினைத்தேன் என்றுதான் பல வருஷம் சொல்லிவந்தேன். உண்மையில் எனக்குப் புரிந்தது. எழுந்திருக்காமல் இருக்க என்னால் முடியவில்லை.)

“சார், இந்தச் சார்ஜ் ஷீட்டே செல்லாது” என்றேன். “அசால்ட் என்ற சொல்லின் பொருள் தெரியாமல் எழுதப்பட்டிருக்கிறது.”

வக்கீல் பேனாவைத் திறந்தார்.

லத்தீனிலிருந்து ஆரம்பித்தேன். அட், சாலிரே, பிரெஞ்சு, எல்லாம் வந்தது. டைப் அடிக்கிறவர் லத்தீனை எப்படி அடிப்பது என்று தெரியாமல் கையைத் தூக்கிவைத்துக்கொண்டார். நான் எழுத்து எழுத்தாகச் சொன்னேன். சின்ன மொதலாளி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் என் இங்கிலீஷைக் கண்டு மிரண்டுவிட்டதாக நினைத்தேன்.

பிறகு கஃபூர் பாய் பக்கம் திரும்பினேன்.

“மேஸ்திரி, உங்களுக்கும் மாமாவுக்கும் நடுவுல எவ்ளோ தூரம் இருந்துச்சி?”

“நான் வழுக்கிட்டேன் தம்பி.”

“வழுக்கினதை விடுங்க! அடிக்கும்போது அவரு குதிச்சாரா, நின்னுக்கினு அடிச்சாரா?”

“தம்பி, நான் வழுக்கி...”

“குதிச்சாரா, நின்னாரா? அதைச் சொல்லுங்க போதும்.”

கஃபூர் பாய் மாமாவைப் பார்த்தார். மாமா கண்ணை மூடிக்கொண்டிருந்தார். அந்த மனிதர் பொய் சொல்லத் தயாராக வந்தது ஒரு கேள்விக்குத்தான். இந்தக் கேள்விக்கு அவரிடம் பொய் இல்லை.

“நின்னுக்கினுதான்...” என்றார், வாய்க்குள்.

“எழுதிக்குங்க!” என்றேன் நான். எழுதிக்கொண்டார்கள்.

அதோடு நிறுத்தினேனா? அகராதியில் அதே பக்கத்திலிருந்து இன்னொரு இடத்துக்குப் போகச் சொல்லியிருந்தது. அங்கேயும் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தேன். இன்சல்ட் என்ற சொல்லும் அதே குதிப்பிலிருந்து பிறந்ததுதான். ஒருவரை இழிவாகப் பேசுவதும் அவர்மேல் ஏறிக் குதிப்பதே. “ஆகவே சார், முதலில் குதித்தவர் மேஸ்திரிதான்! அவர் அன்றைக்கு என்ன சொன்னார் என்பதை அவர் வாயாலேயே கேட்டுப் பதிவு செய்ய வேண்டும்” என்றேன்.

“வேணாம் மச்சான்” என்றார் மாமா. அன்றைக்கு அவர் வாய்விட்டுக் கெஞ்சியது அந்த ஒரு தடவைதான்.

நான் கேட்கவில்லை. கஃபூர் பாய் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். என் அக்காவின் உடம்பைப் பற்றி, கோபத்தில் வாய் தவறி வந்த அந்த வாக்கியம், வேலூர் வக்கீல் எதிரில், சின்ன மொதலாளி எதிரில், இங்கிலீஷாக மாறி டைப் ஆனது. அதை மொழிபெயர்த்துக் கொடுத்ததும் நான்தான். ‘நோவு’ என்பதற்குச் சரியான இங்கிலீஷ் சொல் எது என்று யோசித்து, நல்ல சொல்லாகவே போட்டேன்.

அடுத்தது என் உச்சக்கட்டம். அசல் அசால்ட் எப்படி இருக்கும் என்று அறிந்தால்தானே மாமா செய்தது அது இல்லை என்று விளங்கும்? “இப்படிக் குதித்தால்தான் சார் அசால்ட்!” என்று சொல்லிக்கொண்டே நான் இரண்டு கையையும் விரித்துக் கஃபூர் பாயை நோக்கிக் குதித்தேன். அது சிமென்ட் பாலிஷ் போட்ட, துளி ஈரமில்லாத தரை. அதில் கால் சறுக்கி, மேசை விளிம்பைப் பிடிக்கப் போய், சாம்பிள் தோல்களையும் இழுத்துக்கொண்டு வக்கீலின் காலடியில் போய் விழுந்தேன். அந்த வழக்கில் நிஜமாகவே வழுக்கி விழுந்தவன் நான் ஒருவன்தான்.

என்னைத் தூக்கிவிட்டது கஃபூர் பாய். வக்கீல் நல்லவர், சிரிக்கவில்லை. என் மேலிருந்த ஒரு ஆட்டுத் தோலை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார்.

“தம்பி, உங்க லத்தீன் சரிதான். ஆனா நம்ம சட்டத்துல கைய ஓங்குனாலே அசால்ட். குதிக்கவும் வேணாம், தொடவும் வேணாம். அதைக்கூட நான் பெரிசா எடுத்திருக்க மாட்டேன். அடிச்சதாவே யாரும் சொல்லலையே, மேஸ்திரி வழுக்குனேன்னுதானே சொன்னாரு! அடிச்சாருன்னு சொன்னது நீங்க. நின்ன இடத்துல நின்னு, கோபத்துக்குக் காரணத்தோட அடிச்சாருன்னு நிரூபிச்சதும் நீங்க. நான் இப்ப இன்னா எழுதறது?”

மாமா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். அதில் கோபம் இல்லை. சின்னப் பையன் ஓடி வந்து தடுக்கி விழுந்தால் அடிபட்டுதா என்று பார்ப்போமே, அப்படிப் பார்த்தார். அதற்குப் பதிலாக என்னையும் ஒரு அறை அறைந்திருக்கலாம்.

மாமாவுக்கு வேலை போயிற்று. பெரிய மொதலாளி அவரைக் கூப்பிட்டு, “நான் ஒரு கதவத் தொறந்து வெச்சேன் முனிரத்னம், உன் மச்சான் சாத்திட்டான். எழுதிட்டாங்கோ, நான் இன்னா பண்றது?” என்று வருத்தப்பட்டாராம். ரிசல்ட் என்ற சொல்லும் அதே குதிப்புக் குடும்பம்தான், குதித்து நம்மேலேயே திரும்பி வருவது என்று அகராதியில் போட்டிருக்கிறது. அதைப் பார்த்தபோது அந்தப் புத்தகத்தை ஜன்னல் வழியாக எறியலாம் என்று தோன்றியது.

விசாரணை முடிந்த அன்றைக்கே சாயங்காலம் கஃபூர் பாய் எங்கள் வீட்டுக்கு வந்தார். உள்ளே வரவில்லை. வாசலில் சைக்கிளைப் பிடித்தபடியே என்னிடம் பேசினார்.

“நான் அடி வாங்கனத நானே மறந்துட்டேன் தம்பி. எனக்குக் காலேஜ் போற பொண்ணு இருக்குது. நாளைக்கு ஷாப்புல அத்தினி பேரும், மேஸ்திரிய நின்னுக்கினு அடிச்சானாமேன்னு பேசுவானுங்க. வழுக்குனேன்னு சொன்னது முனிரத்னத்துக்காக மட்டுமா சொன்னேன்? எனக்காகவும்தான் சொன்னேன்.” சைக்கிளைத் திருப்பிக்கொண்டு, “உன் வேலைக்கு நான்தான் சிபாரிசு” என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

இதைவிடக் கொடுமை இனிமேல்தான். என்னை வேலையை விட்டுத் தூக்குவார்கள் என்று எதிர்பார்த்தேன். கொஞ்சம் ஆசைப்பட்டேன் என்றும் சொல்லலாம். சின்ன மொதலாளி கூப்பிட்டு அனுப்பினார். “லத்தீன்லாம் தெரியுது, இங்கிலீஷ் இவ்ளோ சுத்தமா வருது, உன்னைப் போய் கேட்டுல உக்கார வெச்சிருக்காங்களே!” என்று சொல்லி, என்னை ஏற்றுமதிப் பிரிவில், ஜெர்மனிக்கும் இத்தாலிக்கும் கடிதம் எழுதுகிற வேலைக்கு மாற்றினார். சம்பளம் ஜாஸ்தி. மின்விசிறிக்குக் கீழே நாற்காலி.

நான் வேண்டாம் என்று சொல்லத்தான் வீட்டுக்கு வந்தேன். மாமாதான் விடவில்லை. “ஒருத்தனாவது உள்ள இருக்கட்டும். நீயும் வெளிய வந்துட்டா உங்க அக்கா இன்னா பண்ணுவா? போ, போய்ச் சேரு” என்றார். போய்ச் சேர்ந்தேன். அந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் எனக்குக் கல்யாணம் ஆனது, அதில் உட்கார்ந்துதான் ரிட்டையர் ஆனேன். நல்ல நாற்காலி. ஒரு நாளும் அதில் நிம்மதியாகச் சாய்ந்ததில்லை.

அக்கா சொன்னது அப்படியே நடந்தது. வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று மாமா ஏறாத ஷாப்பு இல்லை. தோல் வாசனை போகிற தூரத்தைவிடப் பேச்சு வேகமாகப் போய்விடுகிறது. “மேஸ்திரிய அடிச்சவன்தானே?” என்று கேட்டுவிட்டுத் தண்ணீர் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். கடைசியில் அரக்கோணம் ரயில்வே குட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்குகிற வேலை கிடைத்தது. சனிக்கிழமை பாசஞ்சரில் வருவார், திங்கட்கிழமை விடிகாலை போய்விடுவார். இரண்டாவது குழந்தை பிறந்தபோது அவர் ஊரில் இல்லை. நான்தான் ஆஸ்பத்திரியில் இருந்தேன். அக்கா குழந்தையை என்னிடம் காட்டினாள், ஆனால் பேசவில்லை. திட்டியிருந்தால் தேவலை. வேளாவேளைக்குச் சோறு போடுவாள். “தயாளனுக்குக் குழம்பு வேணுமா கேளு” என்று பெரிய குழந்தையை விட்டுக் கேட்பாள். வருஷக்கணக்கில் இப்படித்தான்.

இந்தக் கதையை எங்கள் வீட்டில் இன்னும் சொல்கிறார்கள். கல்யாணமோ காதுகுத்தோ, சாப்பாடு முடிந்து பாய் விரித்ததும் யாராவது ஆரம்பித்துவைப்பார்கள். மாமாதான் சொல்வார், அவரைப்போல யாருக்கும் வராது. அட், சாலிரே என்று லத்தீனை ஒரு பிசகில்லாமல் சொல்வார். நான் குதித்த குதியை எழுந்து குதித்துக் காட்டுவார். இப்போது முட்டி வலி வந்துவிட்டதால், “மச்சான், இந்த இடத்துல நீயே குதிச்சிடு” என்பார். நானும் எழுந்து குதிப்பேன். வீட்டில் எந்தப் பிள்ளை எந்தப் பிள்ளையை அடித்தாலும் விசாரணையில் முதல் கேள்வி, “குதிச்சி அடிச்சியா, நின்னுக்கினு அடிச்சியா?” என்பதுதான். நின்றபடி என்றால் தண்டனை கம்மி.

மாமா சொல்கிற கதையில் முடிவு மட்டும் வேறு மாதிரி இருக்கும். அது எங்கே உண்டானது என்று எனக்குத் தெரியும். எண்பதுகளின் நடுவில், என் கல்யாணத்தில். பந்தியில் பெண் வீட்டார் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். அரக்கோணத்திலிருந்து லீவு போட்டு வந்திருந்த மாமா, குதித்த கதையைச் சொல்லி எல்லாரையும் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தார். பெண்ணின் பெரியப்பா சிரிப்பு அடங்கி, “அப்புறம் உங்க வேலை இன்னா ஆச்சி?” என்று கேட்டுவிட்டார். என் இலையில் கை நின்றுபோயிற்று. பக்கத்தில் புதுப் பெண்டாட்டி உட்கார்ந்திருந்தாள்.

மாமா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

“வேலைக்கு இன்னா? மொதலாளி வயித்தப் புடிச்சிக்கினு சிரிச்சாரு. போடா, போய் வேலையப் பாருன்னுட்டாரு. எனக்குத்தான் அந்த சுண்ணாம்பு நாத்தம் பேஜாராப் போச்சி. ரயில்வேல நல்ல வேலைன்னாங்க, நானே உட்டுட்டுப் போய்ட்டேன்.”

சாம்பார் வாளியோடு அக்கா எதிரில் நின்றிருந்தாள். மாமாவைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். பெரியப்பா அவளைப் பார்த்து, “அப்படியாம்மா?” என்றார்.

“ஆமா, அந்த நாத்தத்துல எத்தினி வருசம்தான் இருக்கறது?” என்றாள் அக்கா. குனிந்து என் இலையில் சாம்பாரை ஊற்றினாள். “சாப்புடுடா தயாளா” என்றாள்.

வீட்டுப் பிள்ளைகள் எல்லாரும் தாத்தா தானாகத்தான் வேலையை விட்டார் என்று நம்புகிறார்கள். நான் திருத்தியதில்லை.